அப்பாவுக்காக வைத்திருந்த மீசை

மீசை வைத்திருப்பவன் இன்னொருவன் மீசையில் கைவைக்க மாட்டான் என்று நம்பினேன். நாற்பத்தேழு வயதில் படிப்பு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வட ஜெர்மனியில் மாணவனாக வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவன் இதைவிடப் புத்திசாலித்தனமாக எதையாவது நம்பியிருக்கலாம். என்ன செய்வது, இந்த ஊரில் நான் பார்த்த முதல் முழு மீசை சலூன் நடத்தும் ஒரு துருக்கிக்காரருடையதுதான். சலூன் கண்ணாடிக்குப் பின்னால் அது தெரிந்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல உள்ளே போய்விட்டேன். முடி வெட்டி முடித்ததும் "ராசூர்?" என்று கன்னத்தைத் தடவிக் காட்டினார். சேவிங். "யா" என்றேன். "ஆலெஸ்?" எல்லாமுமா என்று கேட்கிறார். தென்காசியில் எல்லாம் என்றால் மீசை நீங்கலாக எல்லாம். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. "ஆலெஸ்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சூடான துண்டுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது மேலுதட்டில் ஜில்லென்று காற்று பட்டது.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் அப்பா உயிரோடு இருக்கையில் மகன் மீசையை எடுப்பதில்லை. திருச்செந்தூரில் எனக்கு மொட்டை போட்டபோதுகூட அதை விட்டுவைத்தார்கள். எங்கள் தெரு சலூனில் ஒருமுறை, துபாயிலிருந்து லீவில் வந்த அச்சன்புதூர்க்காரர் ஒருவர் ஸ்டைலுக்காக மீசையை எடுக்கச் சொன்னார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்பாவுக்கு என்னாச்சு அண்ணாச்சி? நேத்துக்கூட பஸ் ஸ்டாண்டுல பாத்தேனே!" காத்திருந்தவர்கள் எல்லாரும் பேப்பரைத் தாழ்த்தினார்கள். அவர் மீசையோடுதான் வீடு திரும்பினார்.

எங்கள் வீட்டில் விஷயம் இன்னும் தெளிவு. அம்மா போனபோது கொள்ளி வைத்த தம்பி எடுத்தான். மூத்தவனான என்னுடையது அப்பாவுக்கு. அந்த அப்பாவுக்குத்தான் போன வாரம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி தரும் எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் டிவி செய்தியை நினைத்துச் சொல்லியிருப்பார். என் முகத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வகுப்பில் பக்கத்து இருக்கை ஜெர்மன் பெண், எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாகப் பாராட்டினாள். "மை ஃபாதர் இஸ் அலைவ்" என்றேன், பதறிப்போய். "ஓ, தட்ஸ் நைஸ்" என்றாள்.

அறைக்கு வந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மீசை வரைந்து பார்த்தேன். பள்ளி நாடகத்துப் போலீஸ்காரர் கண்ணாடியில் நின்றார். அழித்துவிட்டு, நெட் சரியில்லை என்று சொல்லி கேமராவை மூடிவைத்தே வீட்டோடு பேசினேன். படிப்பது நீர் மேலாண்மை; நம்புவது மீசையை. சிரிக்கலாம்தான். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் செய்தி வந்துவிட்டதோ என்று இரண்டு மணி அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். நானே அவருக்கு நாள் குறித்துவிட்டதுபோல இருந்தது.

இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் என் மனைவி செல்வி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, வெளையாடுதீங்களா? கொரல் மட்டும் வருது, மூஞ்சியக் காணும். ஒங்களுக்கு அங்கன என்னமோ ஆயிட்டு, நாங்கள்லாம் சேந்து மறைக்கோம்னு மாமா சொல்லுதாவ. நேத்து ராத்திரி சாப்பிடல. மாத்திரையையும் தள்ளி வச்சிட்டாவ."

மீசை செய்யாத கெடுதலை நான் ஒளிந்துகொண்டு செய்துகொண்டிருந்தேன். கேமராவைத் திறந்தேன்.

செல்வி "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த அப்பா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். பனியனுக்குள் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, மீசைய எங்கலே?"

"சலூன்ல எடுத்துட்டான்பா. நான் சொல்லல."

"அவன் எடுக்குத வரைக்கும் நீ எங்கனலே பாத்துக்கிட்டிருந்த?"

"கண்ண மூடியிருந்தேன்."

"நான் இன்னும் போகலியேலே. அதுக்குள்ள ஒனக்கு என்ன அவசரம்?"

அப்பா போனைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். திரை முழுக்க அவருடைய ஒரு கண்ணும் மூக்கும் மட்டும். வெகுநேரம் பார்த்தார்.

"செல்வி, இங்கன பாரேன். மேலுதடு அப்படியே இவன் அம்மை உதடு. இத்தன வருசமா மறைச்சு வச்சிருந்திருக்கான் பய." பிறகு என்னிடம், "சிரிலே, பாப்போம்."

சிரித்தேன். அது சிரிப்பாக வந்ததா என்று தெரியாது. செல்வியிடம் இட்லி கேட்டார்.

மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. அன்று செல்வி எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் அப்பாவின் செல்போன் முகப்பில் இருக்கிறது. புதுப் படம் அனுப்பினாலும் மாற்ற விடமாட்டேன் என்கிறாராம். ஆக, ஜெர்மனியில் நடமாடும் எனக்கு மீசை உண்டு. தென்காசியில் இருக்கும் எனக்கு இல்லை.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீசன் தொடங்கியதும் யாரிடமும் சொல்லாமல் குற்றாலத்துக்கு பஸ் ஏறி, ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, செல்வியிடம் திட்டு வாங்கினார்.