எர்த்து இல்லாத வீட்டில் பாண்டிமீனா

பாண்டிமீனாவைப் பற்றி எங்கள் செல்லூர் காம்பவுண்டில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். திமிர் பிடித்தவள் என்பார் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சிவனாண்டி. வாய்க்காரி என்பாள் முதல் வீட்டு ராக்கம்மாள். அதையெல்லாம் விடுங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள். நான் அவளுக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் தும்மினால்கூட எனக்குக் கேட்கும். என் பெயர் ஹம்சவேணி. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் எனக்குத் தமிழ்தான் வாயில் வரும். இது சண்டைக் கதை, அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா தவசி அடுத்தவர் வயலில் கூலிக்குப் பாடுபட்டவர், சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்துவிட்டார். இப்போது அவள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மல்லிகைக் கடையில் எடை போட்டு பில் எழுதுகிறாள். புருஷன் முத்துக்குமரன் கோரிப்பாளையத்தில் டூவீலர் மெக்கானிக். பவதாரிணி என்று ஒரே பெண் குழந்தை, நாலு வயது.

இந்த வீடு கிடைப்பதற்குள் அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! வீடு காலியாக இருக்கும், வாசலில் போர்டு தொங்கும். "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். இவர்கள் சொல்லி முடித்ததும், அந்த நிமிடம்தான் வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். இப்படியே தெருத் தெருவாக அலைந்து கடைசியில் சிவனாண்டி காம்பவுண்டுக்கு வந்தார்கள். மாடியில் அவர், கீழே வரிசையாக நாலு வீடு, நாலுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரு குழாய். சிவனாண்டியும் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆனால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீட்டைக் கொடுத்தார். அதை இன்றுவரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக் காட்டுகிறார், அது வேறு விஷயம்.

சித்திரை வெயிலில் அவர்கள் பிரிட்ஜ் வாங்கினார்கள். அவள் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் அதுதான் முதல் பிரிட்ஜ். லோடு ஆட்டோக்காரன் அதைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். வாசலிலேயே அவனுக்கு அர்ச்சனை ஆரம்பித்துவிட்டது. "ஏண்ணே, பொட்டியில அம்பு பெருசாப் போட்டிருக்கே, இந்தப் பக்கம் மேலேன்னு. அது அழகுக்கா போட்டிருக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். இறக்கி நிறுத்தியதும் முத்துக்குமரன் பிளக்கைத் தேடினான். "தொடாத. படுக்க வச்சுக் கொண்டாந்தது, சாயந்தரம் வரைக்கும் நிக்கட்டும். உள்ள இருக்குற ஆயில் எறங்கணும்" என்றாள். பிரிட்ஜோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே பொம்பளை மதுரையிலேயே அவளாகத்தான் இருப்பாள். சுவரோடு ஒட்டித் தள்ளியதை முன்னால் இழுத்து இடம் விட்டாள். ஆடாமல் நிற்கிறதா என்று நாலு மூலையையும் அமுக்கிப் பார்த்தாள். நாங்கள் எலுமிச்சம்பழத்தோடும் குங்குமத்தோடும் போய் நின்றால், "பொட்டு வைங்கக்கா, ஆனா மேல துணி போட்டு மூடாதீக" என்கிறாள்.

சாயந்தரம் கம்பெனியிலிருந்து மாட்டிக் கொடுக்கும் பையன் வந்தான். வயர் வைத்த பல்பு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். ஒரு வயரைப் பிளக் ஓட்டைக்குள்ளும், இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குள்ளும் விட்டான். பல்பு எரியவில்லை.

"அக்கா, இந்த பாயிண்டுல எர்த்து வரல."

"வரலைன்னா என்னாகும்?"

"பிரிட்ஜு பாடியில கரண்டு கசிஞ்சா அது மண்ணுக்குப் போக ஒரு வழி வேணும்க்கா. அந்த வயருதான் வழி. அது இல்லைன்னா, யாரு தொடுறாகளோ அவுக வழியாப் போகும்."

"அப்ப ஆன் பண்ணாத."

"எல்லா வீட்லயும் இப்புடித்தான்க்கா ஓடுது."

"ஓடட்டும். என் வீட்ல ஓடாது" என்று அவன் சொருகப் போன பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏன் என்றால் எங்கள் மூன்று வீட்டிலும் பிரிட்ஜ் உண்டு, மூன்றும் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். அதற்கென்று ஆளுக்கொரு ஏற்பாடு வைத்திருந்தோம். ராக்கம்மாள் செருப்புப் போட்டுக்கொண்டு திறப்பாள். கடைசி வீட்டுக் காசிமாயன் அண்ணன் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் சுற்றிக்கொள்வார். எங்கள் வீட்டு அடுப்படிக்குள் செருப்பு வந்தால் குலமே கவிழ்ந்துவிடும். அதனால் நான் மணைப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்று திறப்பேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அத்தனை பக்தியாக மணையில் ஏறியதில்லை. புதிதாக யாராவது விருந்தாளி வந்தால், காபி கொடுப்பதற்கு முன்னால் பிரிட்ஜைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிடுவோம். எங்களுக்கு அது பழகிப் போய்விட்டது.

அவளுக்குப் பழகவில்லை. பழகவும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். காரணம் பவதாரிணி. அந்தப் பிள்ளைக்கு முற்றத்துக் குழாய்தான் உலகம். எந்த நேரமும் நனைந்த பாவாடை, ஈரக் கால், ஈரக் கை. அப்படியே சொட்டச் சொட்ட வீட்டுக்குள் ஓடும். "அது செருப்பு போட்டுக்கிட்டாக்கா பிரிட்ஜத் தொறக்கும்? நாலு வயசுப் பிள்ளைக்கிட்டப் பலகையில ஏறுன்னு சொன்னா ஏறுமா? ஒரு நா மறந்துச்சுன்னா எனக்குப் பிள்ள இல்ல" என்றாள் என்னிடம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிட்ஜ் அது பாட்டுக்கு நின்றது. அதற்குள் வெங்காயம், பருப்பு டப்பா, குழந்தையின் பள்ளிக்கூடப் பை எல்லாம் இருந்தன. கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்தாள், பிள்ளை உள்ளே புகுந்து மூடிக்கொண்டால் என்ன செய்வது என்று. அக்னி நட்சத்திரத்தில் காலையில் வாங்கும் பால் மத்தியானமே திரிந்தது. ராக்கம்மாள் சும்மா இருப்பாளா? "ஏன்டி, நீ வாங்குனது பிரிட்ஜா, பீரோவா?" என்று முற்றத்தில் வைத்துக் கேட்டாள்.

"பீரோதான்க்கா. பிள்ளையக் கடிக்காத பீரோ."

அவள் மாடி ஏறிப் போய் வீட்டுக்காரரிடம் எர்த்து போட்டுத் தரும்படி கேட்டாள். போட்டுத் தருகிறேன் என்றார். மறுபடியும் கேட்டாள். பார்ப்போம் என்றார். இன்னொரு தடவை அவர் படி இறங்கி வரும்போது குழாயடியில் மறித்துக் கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இம்புட்டு வருசமா மூணு வீட்ல ஓடுது. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ மட்டும் பெருசா வந்துட்ட! செருப்பப் போட்டுக்கிட்டுத் தொற தாயி. வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னு ரப்பர் செருப்பு விக்கிறான்ல, வாங்கிக்க."

பாண்டிமீனா குடத்தைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நாலு வீட்டுக்கும் கேட்டது.

"எங்கப்பா செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான்ணே உங்க ஆளுக தெருவுல நடந்தாரு. அப்பக் கழட்டுன்னீக. இப்ப என் வீட்டு அடுப்படியில போடுங்கிறீக. எங்க காலு என்ன உங்களுக்குக் குத்தகைக்கு விட்ட காலா?"

சிவனாண்டி முகம் செத்துப்போனது. "வீடு குடுத்ததுக்கு இது வேணும்டா எனக்கு" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள், சுவர் அப்படி.

"அவரு காலி பண்ணுன்னு சொன்னா எங்குட்டுப் போறது?" என்றான் முத்துக்குமரன். "மறுபடியும் வீடு வீடாப் படி ஏறி நின்னு, என்ன ஆளுகன்னு கேக்குறவனுக்கெல்லாம் பதில் சொல்லணுமா? என்னால முடியாது மீனா. பிரிட்ஜக் குடுத்துருவோம். பிரிட்ஜு இல்லாம நம்ம வளரலையா?"

"பிரிட்ஜ வித்துட்டா? இதே பாயிண்டுலதான் நாளைக்கு கிரைண்டர் போடுவேன், அயன் பாக்ஸ் போடுவேன். ஒவ்வொண்ணா வித்துக்கிட்டே இருப்பியா?"

"வீடு போயிரும்டி."

"வீடு போனா தேடலாம்" என்றாள்.

மறுநாள் அவள் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, கரண்டு ஆபீஸுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வாரேன். நீங்களும் வாரீகளா?" என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாங்களும் வாடகைக்கு இருக்கிறவர்கள்தானே. ஆனால் அடுப்படிக்குள் போய் அந்த மணைப்பலகையைப் பார்த்தேன், எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ராக்கம்மாளும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள், வேடிக்கை பார்க்கிறதுக்காவது வர வேண்டாமா அவள்?

மூன்று பொம்பளைகள் சேர்ந்து கிளம்புவதை மாடியிலிருந்து பார்த்த சிவனாண்டி, "எங்க கூட்டமாப் போறீக?" என்றார்.

பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள். "கரண்டு ஆபீஸுக்குண்ணே. நாலு வீட்டு வயரிங்கையும் வந்து பாருங்கன்னு சொல்லப் போறோம். வர்றவுக மாடியில ஓடுற உங்க ரெண்டு ஏசியையும் சேர்த்துப் பாத்துட்டுப் போகட்டும்."

அந்த ஏசி இரண்டுக்கும் கரண்டு ஆபீஸில் கூடுதல் லோடு கேட்டு எழுதிக் கொடுக்காமல்தான் ஓட்டுகிறார், மாட்டினால் அபராதம் என்பது காம்பவுண்டுக்கே தெரியும். அவர் படியில் இறங்கிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏய், நில்லுங்கப்பா! நான் என்ன போட மாட்டேன்னா சொன்னேன்? நாளைக்கே ஆள வரச் சொல்றேன்" என்றார்.

சொன்னபடி எலக்ட்ரீசியன் வந்தார். முற்றத்து ஓரமாகக் குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடித் தண்ணீர் ஊற்றினார். "எந்த வீட்டுக்குண்ணே லைன்?" என்று அவர் கேட்க, சிவனாண்டி பாண்டிமீனா வீட்டைக் கை காட்டினார். அவள் குழிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நாலு வீட்டுக்கும் இழுங்கண்ணே. அது வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." மார்க்கெட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளை யார் என்ன செய்ய முடியும்? நாலு வீட்டுக்கும் பச்சை வயர் வந்தது. மெயினில் கசிவு இருந்தால் தானாக விழுகிற சுவிட்சும் ஒன்று மாட்டினார்கள். எலக்ட்ரீசியன் ஒவ்வொரு வீடாகப் பல்பை வைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் அது பளிச்சென்று எரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

பாண்டிமீனா கதவுக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பிரிட்ஜை ஓட விட்டாள். அன்று மாலையே சிவனாண்டி இறங்கி வந்தார். பாண்டிமீனா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவளைப் பார்க்காமல் அவள் புருஷனைப் பார்த்துப் பேசினார்.

"ஏப்பா முத்துக்குமரா, கேட்டதச் செஞ்சு குடுத்துட்டேன். இனி உனக்கும் எனக்கும் சரிப்படாது. ஆவணிக்குள்ள வேற வீடு பாத்துக்க."

முத்துக்குமரன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் எல்லோரும் முற்றத்தில்தான் நின்றோம். அந்த நேரம் பார்த்துக் குழாயடியிலிருந்து பவதாரிணி ஓடி வந்தது. தலையிலிருந்து கால் வரை தண்ணீர். சிவனாண்டிக்கும் நிலைக்கும் நடுவில் புகுந்து நேராக உள்ளே போய் பிரிட்ஜ் கதவில் கையை வைத்தது.

"ஏய் பிள்ள, தொடாத!" என்று கத்தினார் சிவனாண்டி. கத்தியது மட்டுமா, பதறிப் போய் வீட்டுக்குள்ளேயே ஓடிவிட்டார்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, இவர் ஏன் கத்துகிறார் என்று பார்த்தது. சிவனாண்டி நீட்டிய கையோடு நடு வீட்டில் நின்றார்.

பாண்டிமீனா அவர் பக்கத்தில் போனாள். "அப்ப உங்களுக்கும் தெரிஞ்சுதான்ணே இருந்திருக்கு" என்றாள்.

அவர் கையை இறக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"நாங்க காலி பண்ண மாட்டோம். நாங்க போன மறுநாளே அந்த வயரப் பிடுங்கிருவீகன்னு எனக்குத் தெரியும். அடுத்து வர்றவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்."

முத்துக்குமரன் தலை நிமிர்ந்தான். "ஆமாண்ணே. பண்ண மாட்டோம்" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். சிவனாண்டி யாரையும் பார்க்காமல் வெளியே வந்து மாடிப்படி ஏறினார்.

பாண்டிமீனா அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்குள் மகள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"குடிச்சாச்சுல்ல? கதவ மூடுடி, கூலிங் பூராம் போகுது!"