கூரை வீட்டின் முன் சித்தப்பா

ஷார்ஜாவில் நாங்கள் இருந்த ஃபிளாட்டின் ஹாலில் ஒரு சுவர் முழுக்க இங்கிலாந்து இருந்தது. வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் கறுப்பு மரச்சட்டங்கள், தடித்த வைக்கோல் கூரை, வாசலில் ரோஜாக் கொடி. முன்பு குடியிருந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போன படம்தான். ஆனாலும் பல நூறு வருடத்துப் பழைய வீடாக்கும் என்று, ஏதோ தன் பிறந்த வீட்டுச் சீதனம் போல, வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமை அடித்துக்கொள்வாள்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தார். கேம்ப் என்றதுமே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது இடத்தில் பெண் பார்ப்பது வீடியோ காலில் என்று முடிவானது. அம்மா அவருக்கு அப்பாவின் சட்டையை மாட்டி, அந்த வீட்டு வாசலிலேயே இருப்பதுபோலக் கச்சிதமாக உட்காரவைத்தாள். கேம்ப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

போனில் தெரிந்த பெண்ணின் அம்மா மாப்பிள்ளையைப் பார்க்கவேயில்லை. கூரையைத்தான் பார்த்தார்.

“நாங்களே கீத்துக் கொட்டாயப் பிரிச்சிட்டு மாடி கட்டிட்டோம். துபாய்க்குப் போயும் நீங்க கூரை வீட்டுலயா இருக்கீங்க?”

அது வெறும் படம் என்றும், இங்கிலாந்தில் பெரிய பணக்காரர்கள்தான் இப்படி வீட்டில் இருப்பார்கள் என்றும் அம்மா பதறிப்போய் விளக்கினாள். அவ்வளவு பணம் வைத்திருப்பவன் மேலே நாலு ஓடு போடக் கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டார்.

அதுவரை குனிந்த தலை நிமிராத பெண் மெல்லக் கேட்டார். “அங்க நானும் வந்து இருக்க முடியுங்களா?”

கூரைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, இங்கே மழையே கிடையாது, நல்ல ஃபிளாட்தான் என்று அம்மா முந்திக்கொண்டாள். சித்தப்பா போனைத் தன் பக்கம் இழுத்தார்.

“இது அண்ணன் வீடுங்க. நான் இருக்கறது கேம்ப்ல, ஒரு ரூம்ல எட்டு பேரு. உங்களக் கூட்டியாந்து வச்சுக்க முடியாது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வருவேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாம் என்ற என் ஆசையிலும் மண் விழுந்தது. சித்தப்பா மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. அந்த வீட்டின் மதிப்பு ஒருவழியாக அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்றாள் அம்மா. நானும் அதை நம்பி, எங்கள் சுவர்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தது என்று பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெண்தான் என் சித்தி. எனக்கு ரொம்பவும் பிடித்த மனுஷி. முடியாது என்று சித்தப்பா ஒளிக்காமல் சொன்ன பதிலைக் காதால் கேட்ட பிறகுதான் அவர் சரி என்று சொன்னார். அது எனக்குப் புரிவதற்குள், சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கார் கிளம்பிய பிறகும் அவர் தெருவிலேயே நின்றுகொண்டிருப்பதைப் பல லீவுகள் பார்த்துவிட்டேன்.