ஆறுச்சாமியண்ணன் அடித்த என்ட்ரி தப்பில்லை

ஆறுச்சாமியண்ணன் போய்விட்டார்.

காலையில் கலாமணி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, நம்ம ஆறுச்சாமியண்ணன் தவறிட்டாருங்க்கா... நெஞ்சு வலிக்குதுன்னாராமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே..." மத்தியானம் எடுக்கிறார்களாம்.

பாலக்காட்டிலிருந்து வேலந்தாவளம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் இதை டைப் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக... வேலந்தாவளத்தில் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம். கலாமணி ஃபோன் எடுப்பாள். அண்ணன் நில விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், இரண்டே விரலால். அந்த சாஃப்ட்வேரை எழுதியவள் நான்.

கேரளா பார்டருக்கு இந்தப் பக்கம் வடகரப்பதி, அந்தப் பக்கம் கோயம்புத்தூர் ஜில்லா. தோப்பு, காடு, சைட்டு, வந்தது, விற்றது எல்லாம் ஒரே டேட்டாபேஸில் கிடந்தன. தினமும் காலையில் மொதலாளிக்கு ஒரே கேள்விதான். "இன்னிக்கு நம்ம கையில மொத்தம் எத்தன ஏக்கரு இருக்குது?"

நான் பட்டனை அழுத்துவேன். கம்ப்யூட்டர் முதல் வரியிலிருந்து கூட்ட ஆரம்பிக்கும். டீ வரும், குடித்து முடிப்போம், டம்ளரைக் கழுவி வைப்போம்... திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஏனுங்க அம்மிணி, தெனமும் மொதல்ல இருந்தா எண்ணுவீங்க?" என்று ஒருநாள் அண்ணன் கேட்டார்.

ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் அவர் வேலந்தாவளம் மாட்டுச்சந்தை வாசலில் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தவர்.

"சந்தைக்குள்ள போயி மாட்ட எண்ணுனா முடியுங்களா? அது நின்ன எடத்துல நிக்காது. வாசல்ல நின்னு எண்ணோணும். உள்ள வந்தா ஒண்ணு கூட்டிக்கோணும், வெளிய போனா ஒண்ணு கழிச்சுக்கோணும். எப்பக் கேட்டாலும் டக்குனு சொல்லலாமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இதைத்தானே நான் காலேஜில் படித்தேன்? ஊர்வாரியாக ஒரு சின்ன டேபிள் போட்டேன். நிலம் வந்தால் கூட்டும், விற்றால் கழிக்கும். மறுநாள் மொதலாளி கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. அவர் என்னைப் பாராட்டினார். நான் அண்ணன் பேரைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் இன்னொன்றும் சொன்னார். ஒருமுறை சந்தை கலைந்த பிறகு பார்த்தால், உள்ளே வந்ததைவிட வெளியே போனது ஒன்று அதிகமாம். தலையைப் பிய்த்துக்கொண்டு விசாரித்திருக்கிறார். சந்தைக்குள்ளேயே ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது.

"வர்றது போறது மட்டும் பாத்தாப் பத்தாதுங்க அம்மிணி. உள்ளயே மாறுறதையும் எழுதோணும்."

நானும் கலாமணியும் விழுந்து விழுந்து சிரித்தோம். "நெலம் கன்னு போடுங்களாண்ணா?" என்று கேட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் சர்க்கார் நிலங்களை மறுபடி அளக்கும் ரீசர்வே வந்தது. அளந்து பார்த்ததில் பல நிலங்கள் பத்திரத்தில் இருந்ததைவிடக் குறைந்தன. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புது அளவைப் போட்டார். ஆனால் என் டேபிளில் பழைய மொத்தமே நின்றது. அளவைத் திருத்தினால் மொத்தமும் மாற வேண்டும் என்று நான் எழுதவே இல்லை.

அந்த மொத்தத்தை நம்பி மொதலாளி ஒரு பார்ட்டிக்கு அத்தனை ஏக்கரும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் வந்து அளந்தால் இரண்டு ஏக்கர் குறைவு. ஊர்க்காரர்கள் முன்னால் அவருக்கு மானம் போனது.

"ஏப்பா ஆறுச்சாமி, கண்ண மூடிட்டா அடிச்ச?"

"பேப்பர்ல இருக்கறதத்தானுங்க அடிச்சேன்."

மொதலாளி என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போது காரணம் தெரியாது, அது நிஜம். ஆனால் எதையும் திறந்துகூடப் பார்க்காமல், "என்ட்ரில தப்பு வந்திருக்கலாமுங்க சார்" என்றேன்.

அவரை வேலையை விட்டு நிறுத்த அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அண்ணன் டிராயரிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து "வர்றனுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

அந்த வாரத்திலேயே தப்பைக் கண்டுபிடித்தேன். நாலு வரி. யாரிடமும் சொல்லாமல் சரிசெய்தேன். பயம்... வேறென்ன. பிறகு கொச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

போன வருஷம், சொல்லிவிடுவது என்றே கிளம்பி வந்தேன். பழையபடி சந்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க அம்மிணி, இப்பிடி எளச்சுட்டீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

"நம்ம ஸ்கிரீனு இப்பச் சரியாக் காட்டுதுங்களா?"

"காட்டுதுங்கண்ணா."

"அப்பச் செரி" என்றார். அதற்குள் ஒரு லாரி வந்து நிற்க, எண்ணப் போய்விட்டார். நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவருக்கு எல்லாம் தெரியுமோ என்னமோ... இனி யாரைக் கேட்பது?

கலாமணி, நீ இதைப் படிப்பாய். மொதலாளி, நீங்களும் இங்கே இருக்கிறீர்கள். அவருடைய சொந்தக்காரர்களும் இருப்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு என்ட்ரியில் தப்பில்லை. அண்ணன் அடித்த ஒவ்வொரு சென்ட்டும் சரி. தப்பு புரோகிராமில். அதை எழுதியவள் நான்.

பஸ் வேலந்தாவளம் வந்துவிட்டது. இன்றைக்குச் சந்தை. வாசலில் வேறு யாரோ சீட்டு கிழிக்கிறார்.

இறங்குகிறேன்... போயிட்டு வாங்கண்ணா.