பூவே என்றொரு தீவு

சமையலறைச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில், ஆபிரிக்காவின் தென்முனைக்கும் வெகு கீழே, வெறும் கடலாகக் கிடந்த இடத்தில் அத்தான் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைத்தார். வரைபடத்தை அச்சிட்டவர்கள் அந்தத் தீவைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தார்கள். "இதுதான் பூவே" என்றார். முதலில் அதைக் கண்ட பிரெஞ்சு மாலுமியின் பெயராம். ரோல்ஸ் பலகாரத்துக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்து, பெயர்தான் பூவே, அங்கே ஒரு பூவாவது இருக்கிறதா என்று கேட்டாள். பூவும் இல்லை, மரமும் இல்லை, மனிதரும் இல்லை. பாசியும் பென்குவினும் கடல்நாயும்தான் என்றார் அத்தான். கலியாண வீட்டுக்குப் புறப்படுகிறவரின் பூரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகள் அவை. நான் ஜெர்மனியில், ஹனோவரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுமுறை நாட்களில் ரயிலேறி, கெல்சென்கிர்ச்சனில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவின் கணவரான அத்தானுக்குக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், வானொலிப் பெட்டியின் முன்னால் இருப்பார். பாட்டுக் கேட்கும் வானொலியல்ல. உரிமம் பெற்றவர்கள் உலகத்தின் எந்த மூலையிலும் இருக்கும் தங்களைப் போன்றவர்களோடு நேரடியாகப் பேசும் கருவி. ஆளுக்கொரு எழுத்து அடையாளம் உண்டு. இரைச்சலில் பிசகாமல் கேட்க ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சொல்லால் சொல்வார்கள்: V என்றால் விக்டர், W என்றால் விஸ்கி, K என்றால் கிலோ. அத்தானுடையது 'விஸ்கி, கிலோ' என்று முடியும். அகதியாக வந்த புதிதில், மாவட்ட எல்லையைத் தாண்டவே அவர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து நகரத்தில் இருந்த சொந்த மச்சானின் கலியாணத்துக்குக்கூட அந்த அனுமதி கிடைக்கவில்லை. பின்னாளில் ஜெர்மன் மொழியிலேயே பரீட்சை எழுதி வானொலி உரிமம் பெற்றபோது, இனி நான் எங்கே போகிறேன் என்று யாரும் கேட்க ஏலாது என்று சொல்லிச் சிரித்தாராம்.

அந்தத் தை மாதம் சில வானொலி ஆர்வலர்கள் பூவேயில் இறங்கியிருந்தார்கள். சுற்றிலும் செங்குத்தான பாறையும் பனிச்சுவரும். படகு அணையத் துறை இல்லை. கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் போய், காற்று அள்ளிக்கொண்டு போகாதபடி கூடாரங்களைக் கட்டி, மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு, அங்கிருந்து உலகத்தோடு பேசினார்கள். இன்னொரு முறை அங்கே மனிதக் குரல் கேட்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. அதனால் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். அத்தானும் ஒரு வாரமாகக் கூப்பிட்டார். அவர்களுடைய குரல் இவருக்குக் கேட்டது. இவருடைய குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். புயல் வருவதால் மாலையோடு கூடாரங்களைப் பிரிக்கப்போவதாகத் தீவில் இருந்தவர்கள் அறிவித்திருந்தார்கள். இங்கேயும் ஒரு கெடு இருந்தது. பல்கனியிலிருந்து முற்றத்து மரம்வரை அத்தான் இழுத்திருந்த அன்டெனாக் கம்பி கட்டிடத்தின் முகப்பைக் கெடுக்கிறது, திங்கட்கிழமை அது அங்கே இருக்கக்கூடாது என்று கட்டிட நிர்வாகி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவுக்கு அதில் உள்ளூர நிம்மதிதான். அந்த அறையில் நின்ற மனுசனை இனியாவது வரவேற்பறையில் காணலாம் என்று என்னிடம் சொன்னாள்.

மாலை நான்கரை மணி இருக்கும். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அக்கா ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கியிருந்தாள். அறைக் கதவு திறந்திருந்ததால் எண்ணெய் பொரிகிற சத்தமும் வானொலியின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்தன. அந்த இரைச்சலின் அடியிலிருந்து பூவேக்காரனின் களைத்த குரல், ஒவ்வொருவருடைய அடையாளமாகப் பிடித்து, ஒரு சொல் பேசி, அடுத்தவருக்குப் போனது. அத்தான் தொண்டை கட்டிய குரலில் மறுபடியும் மறுபடியும் தன் எழுத்துகளைச் சொன்னார். திடீரென்று தீவுக்காரன், "விக்டர் கிலோ மட்டும் பேசவும்" என்றான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். அத்தான் பேசும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். கூப்பிடப்படாதவர் குறுக்கே பேசக்கூடாது என்பது அவர்களுடைய ஒழுங்கு.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மா ஒட்டிய கையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, உங்களைத்தான் கூப்பிடுறான்."

"இல்லையப்பா, அது வேறை ஆள். அவன் விக்டர் எண்டெல்லோ சொல்லுறான்."

"நீங்கள் விஸ்கி எண்டு சொல்லுறது எனக்கே அப்பிடித்தான் கேக்குது. ஆறுதலாத் திருப்பிச் சொல்லுங்கோ."

அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. அப்போது அந்தத் தொலைதூரக் குரல், அத்தானின் அடையாளத்தை முழுவதும் சரியாகச் சொல்லி, நன்றாகக் கேட்கிறது, நன்றி என்றது. அடுத்த நொடி வேறொருவரிடம் போய்விட்டது.

இவ்வளவுதானா என்று நான் கேட்டேன். இவ்வளவுதான் என்றார் அத்தான். எழுந்துபோய் அக்காவைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கிவிட்டார். விடுங்கோ, மா முழுக்க உங்கடை சேட்டிலை என்று அக்கா கத்திக்கொண்டே சிரித்தாள். நான் ஏனென்று தெரியாமல் கைதட்டிக்கொண்டு நின்றேன். பனி மூடிய ஒரு பாறையில், முன்பின் தெரியாத ஒருவன் எங்கள் வீட்டு மனிதரின் அடையாளத்தைச் சொல்லியிருந்தான். அன்றைக்கு எங்களுக்கு அது போதும்.

மறுநாள் நான் ரயிலுக்குப் புறப்படும்போது அத்தான் கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா தொலைபேசியில் நிர்வாகியிடம், நேரில் சந்திக்க ஒரு டெர்மின் கேட்டுக்கொண்டிருந்தாள். முகப்புப் பக்கம் வேண்டாம், பின்பக்க மழைநீர்க் குழாயோடு கம்பி போனால் யாருக்கும் தெரியாது என்று அவளே நேரில் போய் வாதாடி, இரண்டு கிழமைக்குள் சம்மதம் வாங்கிவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

இப்போது அவர்களுக்குச் சொந்த வீடு. பின்வளவில் உயரமான கம்பமே நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், பூவேயோடு தான் கதைத்த கதையை அத்தான் இன்றும் அதே பரபரப்போடு சொல்வார். போன மாதமும் சொன்னார். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அக்கா அதை மேசையில் வைத்துவிட்டு விருந்தாளிகளிடம் சொன்னாள்:

"கதைச்சது இவர். கேட்டது நான்."