முன்வரிசை நாற்காலி

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் என் பேச்சைக் கேட்டவர்கள், இந்தக் குரலை எங்கே பழக்கினாய் என்று வினவுவதுண்டு. மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவே, கடற்காற்று நேராக வகுப்புக்குள் நுழையும் ஓர் ஆரம்பப் பள்ளியில் என்று பெருமையோடு விடை சொல்வேன். என் முதல் வெற்றியும் அங்கேதான். அந்த வெற்றியைப் பற்றி மேலும் கேட்டால் மட்டும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். திருப்புவதும் மேடையில் கற்ற வித்தைதான்.

எங்கள் பள்ளிக்குச் சொந்தமாக நாற்காலிகள் இல்லை. ஆசிரியர்களுக்கு உரியவை போக, இருந்தவை பெஞ்சுகளும் பாய்களுமே. ஆகவே ஆண்டு விழாவன்று வீட்டுக்கு ஒரு நாற்காலி பள்ளிக்குப் போகும். காலையிலேயே பெரிய வகுப்புப் பையன்கள் தெருத்தெருவாக வந்து தலையில் சுமந்து செல்வார்கள். கபாலி கோயில் பக்கத்து நாற்காலிகளும் மாதா கோயில் பக்கத்து நாற்காலிகளும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கும். தாய்மார்களுக்குப் பக்கவாட்டில் பாய்; நாற்காலி தந்தையருக்கு. எந்த வீட்டு நாற்காலியோ அந்த வீட்டுத் தந்தைக்கே அது உரியது. பேச்சுப் போட்டியில் இறுதிவரை வந்த குழந்தைகளின் வீட்டு நாற்காலிகளுக்கு முன்வரிசை என்பது மரபு. இன்னொரு விதியும் உண்டு. மேடையில் ஒரு குழந்தை பேசுகையில் சபையில் யாரும் வாய் திறக்கலாகாது. எங்கள் தலைமையாசிரியர் இதில் எவ்வளவு கண்டிப்பானவர் என்றால், மாதா கோயில் பங்குச் சாமியாரே தம் இருமலைக் கைதட்டல் வரும்வரை அடக்கி வைத்திருப்பார்.

நான் சொல்லும் விழா யுத்த காலத்தில் நடந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற அச்சத்தில் முந்தைய ஆண்டு பட்டணமே காலியாகியிருந்தது. நாங்கள் கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினோம். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பூட்டிக் கிடந்த பள்ளி மறுபடி நிறைந்தது. தோட்டத்தில் நாங்கள் கீரை பயிரிட்டோம். ஜில்லா கையெழுத்துப் போட்டியில் எங்கள் வகுப்பே பரிசு வாங்கியது. அந்த ஆண்டுப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு, 'எங்கள் பள்ளி'. கடைசியில் நானும் பிலோமினாவும் எஞ்சினோம்.

பிலோமினா மாதா கோயில் தெருப் பெண். என் வகுப்புதான். அவள் தந்தை ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். ரங்கூன் வீழ்ந்ததும் எத்தனையோ பேர் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தார்கள்; அவரைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். "அவ அப்பா ரங்கூன்ல இருக்கார்" என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. அவள் என்னைத் தோற்கடிக்கக் கூடியவள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"கையை ரொம்ப ஆட்டாதடா. காக்கா ஓட்ற மாதிரி கீது" என்றாள் ஒத்திகையில்.

"கப்பு எங்காத்துக்குத்தான் வரப்போறது. நீ வேணா பாரு."

"வந்தா நல்லா புளி போட்டுத் தேய்ச்சு வை. அடுத்த வருசம் எங்க வீட்டுக்கு வர்றப்போ பளபளன்னு இருக்கணும்."

கூட்டம் முழுவதையும் பார்த்தால் பயம் வரும், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து அதனிடம் பேசு என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் வாசலில் தொங்கிய மணியைத் தேர்ந்தேன். நீ எதைப் பார்ப்பாய் என்று பிலோமினாவைக் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு?" என்று நாக்கை நீட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

விழா ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பொழுது சாயுமுன் முடித்தாக வேண்டும். தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நல்ல கனத்த சரீரம். பள்ளி நாற்காலி அவரைத் தாங்காது என்று கண்டு, முன்வரிசையிலிருந்த எங்கள் வீட்டுத் தேக்கு நாற்காலியை மேடைக்குத் தூக்கிப் போனார்கள். "நம்மாத்து நாற்காலியாக்கும்!" என்று அம்மா பாயில் அக்கம்பக்கம் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். முன்வரிசையில் மிஞ்சியது பிலோமினா வீட்டுப் பிரம்பு நாற்காலி. ஆள் இல்லாவிட்டாலும் நாற்காலி போகட்டும் என்று அவள் தாய் அனுப்பியிருந்தாள். அறிந்தவர்கள் அதை விட்டு விலகி அமர்ந்தார்கள்.

பிலோமினா பேசத் தொடங்கினாள். மேடையோரத்தில் காத்திருந்த நான் அவளுக்கு ஏதேனும் தடுமாற்றம் வர வேண்டிக்கொண்டிருந்தேன். தடுமாற்றமே இல்லை. முன்வரிசையை விட்டுக் கண் எடுக்காமல், அருகில் இருக்கும் ஒருவரிடம் அன்றைய கதையைச் சொல்வதுபோல் அத்தனை இயல்பாகப் பேசினாள். இன்று எண்ணிப் பார்க்கையில், என் பேச்சைவிட அது உயர்ந்தது என்று சொல்லவே வேண்டும்.

அப்போது என் அப்பா வந்தார். ஆபீஸிலிருந்து டிராம் பிடித்து, தாமதமாகி, மூடிய கோட்டும் தலைப்பாகையுமாக வியர்வையைத் துடைத்தபடி வந்தார். தம் நாற்காலியைத் தேடினார். அது மேடையில் நீதிபதியைத் தாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு புன்னகை செய்தார். பிறகு முன்வரிசையில் காலியாக இருந்த ஒன்றைக் கண்டார். குழந்தை பேசுகிறதே என்று மரியாதையாகக் குனிந்து நடந்து வந்து, அதில் அமர்ந்தார். பாயிலிருந்து அம்மாவின் கை எழுந்து, பாதியில் தாழ்ந்தது. யாரும் வாய் திறக்கவில்லை; விதி அப்படி. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. அப்பா வந்துவிட்டார், அதுவும் முன்வரிசையில்!

"எங்கள் வகுப்பில் ஒருவர் வரவில்லை என்றால், அவர் இடத்தை விட்டுவைத்தே நாங்கள் பெஞ்சில் அமர்வோம். ஏனென்றால்..." என்றாள் பிலோமினா. அத்துடன் நின்றாள்.

சபை காத்திருந்தது. அப்பா இளகிய மனம் கொண்டவர். முன்னால் சாய்ந்து, விதியை மீறி, மெல்லச் சொன்னார்: "பரவாயில்லம்மா. பயப்படாதே. சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். கை கூப்பினாள். இறங்கிவிட்டாள். மறந்துவிட்டாள் என்றே நான் களித்தேன். அந்த வாக்கியத்தின் மறுபாதி இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து நான். அம்மா எழுதித் தந்த பேச்சு; அதன் உச்சியில் இருந்த வரி மட்டும் என் சொந்தச் சரக்கு. மணியை நோக்கிக் கையை உயர்த்தி முழங்கினேன்: "பெரியோர்களே! சென்றவர் அனைவரும் திரும்பிவிட்டோம். எங்கள் பள்ளியில் இன்று காலியான இடம் ஒன்றுமில்லை!" ஊரைவிட்டு ஓடித் திரும்பியிருந்த சபை அல்லவா? கைதட்டல் ஓயவே இல்லை. சாமியாரும் அதற்குள் இருமி முடித்தார். கோப்பை எனக்கு வந்தது.

கூட்டம் கலைந்ததும் அப்பா அம்மாவிடம், "கேட்டியா உன் பிள்ளையை!" என்றார்.

"கேட்டேன். ஏன்னா, உங்களுக்கு உக்கார வேற எடமே கெடைக்கலையா?" என்ற அம்மா, அவர் காதருகே ஏதோ சொன்னாள். அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றியது. திரும்பிப் போய் அந்தப் பிரம்பு நாற்காலியைத் தூக்கினார்.

பள்ளிக்கூடத்துப் பியூன் ஓடி வந்தான். "இன்னா சாமி, நீ போய் தூக்கிகினு? வுடு, நான் கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றேன்."

"இல்லப்பா. இதை நான்தான் கொண்டுபோகணும்."

தலைப்பாகைமேல் நாற்காலி, பக்கத்தில் கோப்பையோடு நான். எனக்கு அது ஊர்வலம். வென்றவனின் தந்தை தோற்றவர் வீட்டு நாற்காலியைச் சுமப்பது ஏதோ சம்பிரதாயம் போலும் என்று எண்ணி, இரண்டடி முன்னால் நடந்தேன். கோப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடித்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரன், "குந்திகினு போற சாமானைத் தலைமேல வெச்சிகினு போறியே நைனா! ஏறு, இட்டுகினு போறேன்" என்று கத்தினான். தெருவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

மகளோடு விழாவிலிருந்து முன்னதாகவே திரும்பியிருந்த பிலோமினாவின் தாய் கதவைத் திறந்து திடுக்கிட்டாள். "ஐயோ, சார்! நீங்களா? பசங்க கொண்டாந்திருப்பாங்களே."

"தெரியாம உக்காந்துட்டேன்மா."

"அதனால என்ன சார். நாற்காலின்னா உக்காரத்தானே?" என்றபடி அவள் அதை வாங்கி, தெருக்கதவைப் பார்த்தாற்போல் பழைய இடத்தில் போட்டாள். "உக்காருங்க."

"இல்லம்மா. நிக்கறேன்."

அன்று தொடங்கி என் பேச்சை அவர் உட்கார்ந்து கேட்டதே இல்லை. எந்த மண்டபமானாலும் கடைசிச் சுவரோரம் நிற்பார். டிராமுக்கு அவசரம் என்று நான் நினைத்துக்கொள்வேன். பிலோமினாவும் அடுத்த ஆண்டு போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. கோப்பை எங்கள் வீட்டிலேயே கறுத்தது.

அந்த மாலையில் பிலோமினா என் கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூஞ்சி தெரியுது" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தாள். அவள் தாய் என் தலையைத் தடவினாள்.

"எல்லாரும் அப்படிக் கைதட்டினாங்களே, என்ன தம்பி சொன்ன? அப்போ எனக்கு ஒண்ணுமே காதுல விழல. ஒரு தரம் சொல்லேன்."

"வேண்டாம்மா, நாழியாயிடுத்து. வாடா" என்று அப்பா அவசரமாக என் தோளைப் பிடித்தார்.

அழைத்த சபையை நான் எந்நாளும் மறுத்ததில்லை. தோளை விடுவித்துக்கொண்டு அறையின் நடுவே நின்றேன். பார்த்துப் பேச மணி இல்லை. எதிரே இருந்தது அந்த நாற்காலி. அதையே பார்த்துத் தொடங்கினேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. சென்றவர் அனைவரும் திரும்பிவிட்டோம் என்றேன். காலியான இடம் ஒன்றுமில்லை என்றேன். கைதட்டல் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. சிறிய அறை, கேட்டிருக்காதோ என்று, இன்னும் உரக்க அந்த வரியை மறுபடி சொல்லிவிட்டு, உயர்த்திய கையை இறக்காமல் காத்து நின்றேன்.