நான் சொன்ன சாட்சி

என் தம்பியைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்தாறு. அப்பா நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா அதற்கு முந்தின வருஷம் மஞ்சள்காமாலையில் போனாள். ஆவடி சேக்காட்டில் ஒற்றை அறை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தேன். அவன் அம்மா போன பிறகு பாலிடெக்னிக் போவதை நிறுத்திவிட்டான். கேட்டால் கோபம் வரும். இரண்டு பையன்களோடு நாள் முழுக்க எங்கேயோ சுற்றிவிட்டு வருவான். நானும் தளர்ந்துபோயிருந்தேன், சரியாகக் கவனிக்கவில்லை.

ஒரு காலை ரேஷன் கார்டைத் தேடிப் பரணில் கையை விட்டேன். துணிப்பை ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே ஏழு செல்போன்கள், எல்லாம் பிரிக்காத பெட்டியோடு. எங்கள் தெருமுனையில் இருந்த செல்போன் கடையின் மேல்கூரையைப் பிரித்துத் திருடிவிட்டார்கள் என்று அந்த வாரம் முழுக்க ஊரே பேசிக்கொண்டிருந்தது.

தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பினேன்.

"இன்னாடா இது?"

"ஃபிரண்டுதுக்கா. வெச்சிருக்கச் சொன்னான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அழ ஆரம்பித்தான். "ஷீட்டு சந்துல நான்தாங்கா உள்ள எறங்குனேன். நான்தான் ஒல்லியா கீறேன்னு என்னிய எறக்கி உட்டானுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனே ஒரு வழியும் சொன்னான். "பைய கடை வாசல்ல வெச்சிட்டு வந்துடறேங்கா. ஒண்ணுகூட விக்கல. ஏழும் அப்டியே கீது."

அன்று நான் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளி அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவள் நான். தப்பு செய்த பிள்ளை தானாக வந்து ஒத்துக்கொண்டால் தலைமையாசிரியர் திட்டிவிட்டு மன்னித்துவிடுவார். உலகமும் அப்படித்தான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னவனை விட்டுவிடுவார்கள், ஒரு பயம் காட்டி அனுப்புவார்கள், அந்தப் பயம் அவனுக்கு நல்லது என்று நினைத்தேன். "குளிச்சிட்டு நல்ல சட்டையாப் போடு, போலாம்" என்றேன். மறுபேச்சில்லாமல் வந்தான்.

நிலையத்தில் இருந்த அதிகாரி எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "உன்ன மாதிரி அக்கா எல்லாருக்கும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றார். பிறகு எங்களோடு வீட்டுக்கு வந்து, பரணைப் பார்த்து, ஒரு காகிதத்தில் எழுதி, என் முன்னிலையில் பொருள்கள் கைப்பற்றப்பட்டன என்று கையெழுத்துக் கேட்டார். எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பழக்கம். அன்றும் படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

அன்று சாயங்காலமே அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தான். வந்த முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டு என் கையில் கொடுத்தான். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. கூட இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் அடுத்த வருஷமே பைக் விபத்தில் இறந்துபோனான். இன்னொருவன் ஜாமீன் வாங்கியதும் காணாமல் போனான், இன்றுவரை கிடைக்கவில்லை. வழக்கின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தலை சீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போய் நின்றவன் என் தம்பி ஒருவன்தான்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் பழுதுபார்க்கும் வேலையை ஒருவரிடம் கற்றுக்கொண்டான். வெள்ளானூர்ப் பக்கம் புதிதாக அடுக்குமாடி வீடுகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே குடியிருப்பவர்கள் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அவர்கள் இவனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். முதல் தடவை ஒரு வீட்டுச் சாவி கைக்கு வந்த நாளில் அவன் சாப்பிடவில்லை. "பயமா கீதுக்கா" என்றான்.

விசாரணை தொடங்கவே ஐந்து வருஷம் ஆனது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதால் நான் அரசுத் தரப்பு சாட்சி. தம்பிக்காக வாதாடிய எங்கள் வக்கீல் ஒரு பெண்மணி. சாட்சி சொல்வதற்கு முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னைக்கு என்ன எழுதியிருந்ததுன்னே எனக்குத் தெரியாது, கேட்ட இடத்துல கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிடு. கேஸ் நிக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். ஏதோ ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நிமிராமலே சொன்னான்.

"நீ பொய் சொல்லி நான் வெளிய வந்தா, அப்பறம் அந்தச் சாவிய எப்டிக்கா கையில வாங்குவேன்? நடந்தத சொல்லு. அஞ்சு வருசமா நான் எப்டி கீறேன்னு கோர்ட்டுல கீறவங்களுக்கும் தெரியுமில்ல."

அவன் அப்படிச் சொன்னான் என்று நான் பழியை அவன்மேல் போட முடியாது. பொய் சொல்ல எனக்கும் வராது. கூண்டில் ஏறி நடந்ததையெல்லாம் சொன்னேன். பரண், பை, ஏழு பெட்டி, அவன் அழுதது. எதிர்ப்பக்கம் நின்றிருந்த அவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை சரியாகப் பாடம் ஒப்பிப்பதைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் சிறை என்று தீர்ப்பானது. நகலை வாங்கிப் படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்று எழுதுகிறார்கள். "மூன்றாம் சாட்சி எதிரியின் உடன்பிறந்த சகோதரி ஆவார். எதிரிக்கு எதிராகப் பொய் கூற அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை." அந்த வரிகளை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மேல்முறையீடு செய்தோம். அதுவரை தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அது நான்கு வருஷம் கிடந்தது. அந்த நான்கு வருஷத்தில் அவன் ஒரு முழு வாழ்க்கையைக் கட்டிவிட்டான். அண்ணனூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பக்கத்துத் தெருவில் தனிக்குடித்தனம் போனான். பெண் பார்க்கப் போன அன்றே, காப்பி வருவதற்கு முன்னால், வழக்கைப் பற்றி அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டான். அந்தப் பெண்தான், "சொல்லாம மறைக்கறவங்கதான் பயம்" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

மேல்முறையீடு விசாரணைக்கு வரும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். அந்தச் செல்போன் கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர். உள்ளே கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"போன மாசம் என் வீட்டுக்கு மெஷின் ரிப்பேர் பார்க்க ஒரு தம்பி வந்தாம்மா. கோர்ட்டுல ஒருதரம் பாத்ததுதான், எனக்கு அடையாளம் தெரியல. வேலைய முடிச்சிட்டு ஸ்க்ரூ டிரைவரக் கீழ வச்சிட்டு, 'சார், உங்க கடையில எறங்குனது நான்தான்'னு சொல்லுதான். எம் பொஞ்சாதிதான் அழுதுட்டா. என் சாமான் ஏழும் அப்பவே எனக்குத் திரும்பக் கிடைச்சிட்டும்மா. இப்ப அவன உள்ள போட்டு எனக்கு என்ன ஆவப்போவுது? நான் எங்க வந்து சொல்லணும்னு சொல்லு, சொல்லுதேன்."

தம்பி என்னிடம் இதைச் சொல்லவே இல்லை.

கடைக்காரர் சொன்னபடியே வந்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை, இவரை மன்னித்துவிட்டேன் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடையை மூடிவிட்டு நாள் முழுக்க எங்களோடு நின்றார். அடுக்குமாடி வீடுகளிலிருந்து பதினோரு பேர் இவன் நல்லவன் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். வக்கீல் எல்லாவற்றையும் வைத்து, சிறை வேண்டாம், நன்னடத்தையில் விடுங்கள் என்று கேட்டார். நீதிபதி கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், அவசரப்படவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "மன்னிக்கிறது உங்க பெருந்தன்மை. ஆனா இது அரசு போட்ட வழக்கு. கூட்டாச் சேர்ந்து பூட்டின கடைக்குள்ள எறங்குறதச் சின்ன விஷயமா எடுத்துக்க முடியாது" என்றார். மேல்முறையீடு தள்ளுபடி.

வெளியே வராந்தாவில் கடைக்காரர் என்னைவிட அதிகமாக உடைந்துபோயிருந்தார். தம்பிதான் அவர் தோளைப் பிடித்து, "உடுங்க சார், நீங்க வந்ததே போதும்" என்றான்.

சரணடைய ஒரு வாரம் கொடுத்தார்கள். அந்த வாரத்தில் தம்பி எந்த வீட்டுக்கு எந்த மாதம் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று நோட்டில் எழுதினான். மகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனான். கடைசி நாள் காலையில் என் வீட்டுக் குழாயில் ஒழுக்கு இருந்ததை அடைத்துக் கொடுத்தான். அவன் மனைவி அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அன்னைக்கு அவரு சொன்ன மாதிரி பைய கடை வாசல்ல வெக்க உட்டிருக்கலாம் இல்ல, அண்ணி?"

நான் குழந்தையின் துணிப்பையை எடுத்துக் கொடுத்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணனூருக்கு அம்மா வீட்டுக்குப் போனாள்.

பள்ளி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர், நல்ல மனிதர், விஷயம் தெரிந்து ஆறுதலாகப் பேசினார். பேச்சின் நடுவில், "என்ன இருந்தாலும் தப்புன்னா தண்டனை உண்டுதானேம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் தப்பு செய்தவனைத் தேடினால் இப்போது கிடைப்பானா? கூரையைப் பிரித்து இறங்கிய பையன் எப்போதோ போய்விட்டான். அவனை இல்லாமல் ஆக்கியது இன்று என் தம்பியாக இருக்கிற மனிதன்தான், தன் ஒன்பது வருஷத்தைக் கொடுத்து. அவன் செய்ததற்கு இவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். இதை அந்த நல்ல மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பியின் போன் என்னிடம் இருந்தது. மெஷின் ரிப்பேருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வந்தேன். ஒரு நாள் ஒரு பெண், கோர்ட்டுக்குக் கடிதம் கொடுக்காத வீட்டுக்காரி, "நாலு வாரமா ஊர்ல என்ன பண்றாரு? உடம்பு கிடம்பு சரியில்லையா? உண்மையச் சொல்லுங்க" என்று அக்கறையாகக் கேட்டாள். அந்த அக்கறையில் ஏமாந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சரிங்க" என்று வைத்துவிட்டாள். ஒரு வாரத்துக்குள் அந்தக் குடியிருப்பில் நிறைய வீடுகளில் பூட்டை மாற்றினார்கள் என்று காவலாளி சொல்லித் தெரிந்தது. இப்போது வேறு ஒரு ஆள் அங்கே வேலைக்கு வருகிறான்.

அதையும் தம்பியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறையில் மனு எழுதிக் கொடுத்து அவனைப் பார்க்கப் போன அன்று சொல்லிவிட்டேன். நடுவில் கண்ணாடி, காதில் போன். அவன் இளைத்திருந்தான். கேட்டுவிட்டு, "பரவால்லக்கா. பாப்பா சாப்புடுதா?" என்றான். அவன் மனைவி போன வாரம் வந்து பார்த்தாளாம், குழந்தையைக் கூட்டி வரவில்லையாம். அதுதான் சரி என்றான்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "என்ன மன்னிச்சிடுடா. அன்னிக்கு உன்ன நான் கூட்டிக்கினு போயிருக்கக் கூடாது" என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

அவன் யோசித்துத்தான் பேசினான். "அப்ப இருபத்திரண்டு நாள் உள்ள இருந்தேன் பாரு, அது எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சிதுக்கா. அது எனக்குத் தேவைதான். உம்மேல எனக்குக் கோவம் இல்ல." போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான். "இப்ப எதுக்கு வந்து கீறேன்னுதான் புரியல. தெனம் காலைல எழுந்ததும் அதான் யோசிக்கறேன். யார்னா சொன்னா நல்லா இருக்கும்."

நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். அவன் எழுந்து, ஒருதரம் கையைக் காட்டிவிட்டு, வரிசையில் போய் நின்றான்.

உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டிருக்கிறோம். அது விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அண்ணனூருக்குப் போகிறேன். அவன் மனைவி உள்ளே வரச் சொல்கிறாள், சோறு போடுகிறாள், அதிகம் பேசுவதில்லை. குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அப்பா எப்போது வரும் என்று கேட்கிறது. வேலைக்குப் போயிருக்கிறார் என்று குழந்தையின் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். இந்த ஒரு பொய்யை நான் நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.