தங்கப்பழத்தின் கடைசி டேங்கர்

தங்கப்பழம் தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் மறப்பார், டேங்கர் டயருக்கு மறக்க மாட்டார். டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் துணியில் தொட்டு, பின்னால் இழுத்துவரும் தண்ணீர் டேங்கரின் இரண்டு டயரையும் வெள்ளிக்கிழமைதோறும் கன்னங்கரேலென்று தேய்த்துவிடுவார். சந்தனம், குங்குமம் தனி. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு மட்டும் செய்கிற காரியம் இது. இவருக்கு வாராவாரம் ஆயுத பூஜை. "மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு அலங்காரம் கிடையாதுவே" என்று பக்கத்துத் தோட்டக்காரனான நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

சங்கரன்கோவிலில் பாதி ஆயுள் விசைத்தறி ஓட்டியவர். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டதுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது; ஊருக்கு மேற்கே செம்மண் காடு ஒன்று வாங்கி எலுமிச்சை வைத்தார். பிள்ளையில்லாத வீடு. அவரும் மனைவி கோமதித்தாயும் அந்தக் கன்றுகளைப் பிள்ளைகளாகத்தான் வளர்த்தார்கள். மரம் காய்ப்புக்கு வந்து நாலு காசு பார்க்கிற நேரத்தில் மழை ஏமாற்றியது, கிணறும் வற்றியது. அப்புறம்தான் டேங்கர் வந்தது.

டிராக்டருக்குப் புது டயர், டேங்கருக்கு லாரியில் கழற்றிய பழசு. எங்கள் ஊரில் எல்லோருக்கும் இந்தப் புத்திதான். இழுக்கிறதுக்குத்தான் நல்ல டயர் வேண்டும், பின்னால் வருவதற்கு என்ன என்று நினைப்போம். அத்தனை தண்ணீர்ப் பாரமும் அந்த இரண்டு டயர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது உறைக்கவே உறைக்காது. தரையைப் பிடிக்கிற பட்டன் தேயவில்லையே என்று நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்கி வந்தார். அத்தோடு சரி.

போன சித்திரையில் மரங்களெல்லாம் இலை சுருண்டு நின்றன. போர்வெல் போட்டுத் தண்ணீர் கொடுத்துவந்த துரைப்பாண்டி அன்று டேங்கரை நிரப்பிவிட்டுக் கையை விரித்துவிட்டார். "இதோட சரி அண்ணாச்சி. போர் காத்தத் துப்புது. இனி மழை பெஞ்சாத்தான்."

அந்த ஒரு டேங்கரை மரத்துக்கு இத்தனை குடம் என்று அளந்து ஊற்றினால், கோடை மழை வரும்வரை உயிரைப் பிடித்து வைத்துவிடலாம். அந்த ஒரே நம்பிக்கையில் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிவந்தார். தோட்டம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் டேங்கரின் இடது டயர் வெடித்தது. வெடிச்சத்தம் கேட்டு நான் ஓடினேன். டேங்கர் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. தங்கப்பழம் அதைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பாரத்தை ஒரு மனிதத் தோள் தாங்குமா? அவருக்கு அது தோன்றவில்லை.

டயர்க்கடை ஆதம் கடையநல்லூர்க்காரர். போன் போட்டதும் ஸ்டெப்னியோடும் ஜாக்கியோடும் வந்துவிட்டார். கிழிந்த டயரைத் தடவினார். விரலோடு கருப்புப் பிசின் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆயில் போட்டியளா அண்ணாச்சி?"

"வாராவாரம் போடுதேன். நல்லா இருக்கட்டும்னுதான்."

"ரப்பர் ஊறி நொந்துபோச்சு. பட்டன் நல்லா இருந்து என்ன செய்ய? பக்கமெல்லாம் வெடிப்பு. ஆயிலு அதை மூடிட்டு."

தங்கப்பழம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். கேலி செய்த நானாவது வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பலகை வைத்து ஜாக்கியைப் போட்டோம். பாரத்தில் பலகை பிளந்தது, ஜாக்கி செம்மண்ணுக்குள் புதைந்தது. வேறு டேங்கர் கொண்டுவந்து தண்ணீரை மாற்றலாம் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லா வண்டியும் எங்கோ தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. அதற்குள் வலது டயரும் பக்கவாட்டில் புடைக்க ஆரம்பித்தது. ஆதம் அதைக் குனிந்து பார்த்தார்.

"தண்ணியத் தொறந்து விடணும் அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா டேங்கரே கவுந்துரும். டிராக்டரையும் சேர்த்து இழுத்துப் போட்டுரும்."

"தொறக்க மாட்டேன்."

"அண்ணாச்சி..."

"அந்தா தெரியுதுல்லா மக்கா என் தோட்டம்! அந்தா தெரியுது!" என்று கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை.

அச்சு முனகியது. ஆதம் வால்வுப் பக்கம் நகர்ந்தார். தங்கப்பழம் அவர் கையைத் தட்டிவிட்டு, தானே போய்த் திறந்தார். தண்ணீர் பாய்ந்து பள்ளத்தில் இறங்கியது. யாரும் நடாத, யாரும் ஒரு சொம்பு ஊற்றாத சீமைக்கருவேலம் அன்று வயிறு முட்டக் குடித்தது. அந்த மரங்களை அப்போதே வெட்டிச் சாய்க்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

கோமதித்தாய் குடங்களோடு ஓடிவந்தாள். நாங்கள் எல்லோரும் பிடித்தோம், தூக்கினோம், ஓடினோம். டேங்கர் வற்றியபோது தோட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு குடம் சேர்ந்திருந்தது. கோமதித்தாய் முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்த மரத்துக்குங்க ஊத்த?"

தங்கப்பழம் குடத்தைப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் நடந்தார். மரம் மரமாகப் போய் நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தார். சிலதைத் தொடாமலே தாண்டினார்.

"வேலி ஓரம் இருக்க வரிசைக்கு ஊத்து. மத்ததெல்லாம் விட்டுரு."

சொல்லிவிட்டு, மற்ற மரங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கோமதித்தாய் அழுதுகொண்டே ஊற்றினாள்.

சாயங்காலம் ஆதம் கையைத் துடைத்தபடி வந்தார். "வீல மாட்டியாச்சு அண்ணாச்சி. ஸ்டெப்னி நல்ல டயரு, பயப்படாம ஓட்டலாம். வண்டிய எடுங்க."

தங்கப்பழம் நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்துட்டு எங்க போக?"